காலியாக விடக் கூடாத கட்டம்

போன மாதம் மகள் பிடித்த பிடியில் மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய கம்பளியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்புக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு. மேலே ஒரு சின்ன விளக்கு வேறு, சாமி படத்துக்குப் போடுவதுபோல. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் குளிர்காலத்தில் கொடுத்த கம்பளி அது. மழையில் நனைந்தால் ஆட்டுக்கிடை மாதிரி நாறும், ஒரு வாரத்துக்குக் காயாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோதே எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, தொலைபேசி எண். எல்லாம் எழுதினேன். கடைசியில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. மகள், “என்னப்பா, ஊர் மறந்துபோச்சா?” என்று கேலி செய்தாள். மறக்கவில்லை. என்னைக் கேட்டால் உலகத்திலேயே ஆபத்தான கட்டம் அதுதான். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு பொய்யை எழுதி ஒரு மனுஷியை வீட்டைவிட்டுக் கிளப்பியவன் நான். உங்களிடம் சொல்வதற்கென்ன.

நான் கொல்லங்கோட்டுக்காரன். ஊருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பள்ளிக்கூடத்தில் என்னைப் ‘பாண்டி’ என்பார்கள். லீவுக்குப் பொள்ளாச்சியில் அத்தை வீட்டுக்குப் போனால், “மலையாளத்தான் வந்துட்டான்” என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சின்ன வயதில் அதற்கு அழுகை வந்தது, மீசை முளைத்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. டாக்டர் அதற்கு இரத்த அழுத்தம் என்று பெயர் வைத்து மாத்திரை கொடுக்கிறார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மாமா ஒருவர் யாரையோ பிடித்து, இந்த மலையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் எனக்கு இரண்டாவது கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்தார். எஸ்டேட் பெயர் வேண்டாம், விடுங்கள். தொழிலாளிகள் என்னை ‘ரைட்டர் தம்பி’ என்பார்கள். எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலையேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள். அவர்கள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. நான் ‘ஊட்டுக்குப் போறனுங்க’ என்றால் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆக அங்கேயும் நான் வெளியூர்க்காரன்தான்.

ஹெட் கிளார்க் குறுப்பு சார் மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவர் பேச்சு இரண்டுங்கெட்டானாக ஆகியிருந்தது. நான் சேர்ந்த வருஷம் மழையில் ஆபீஸ் கூரை ஒழுகித் தொழிலாளர் ரெஜிஸ்டர் ஊறிய அவலாகிவிட்டது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்துப் புதிதாக எழுதச் சொன்னார். பெயர், தகப்பன் பெயர், வயது, லயம் என்கிற வரிசை வீடுகளில் எந்த வீடு, கூட இருக்கும் உறவு, அப்புறம் சொந்த ஊர். “எடோ, ஒரு கோளமும் காலியாக் கிடக்கக் கூடாது, கேட்டோ?” என்பார். கோளம் என்றால் கட்டம்.

சொந்த ஊர்க் கட்டத்துக்கு ஒரு வேலை இருந்தது. வயது முடிந்தவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். உத்தரவில் ‘சொந்த ஊருக்கு அனுப்பப்படுகிறார்’ என்று டைப் அடித்து, அந்த ஊருக்கு பஸ் டிக்கெட்டும் ஒரு புதுக் கறுப்புக் கம்பளியும் கொடுத்து அனுப்புவார்கள். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலுக்கு ஒரு கம்பளி! இதைக் கேட்டு அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபத்துமூன்று வயதில் கையெழுத்து அழகாக வருகிறதா என்பதுதான் கவலை.

பெரும்பாலானவர்கள் சங்கரன்கோயில் பக்கம், தேனிப் பக்கம் என்று பட்டென்று சொன்னார்கள். அதில் பாதிப்பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தா விட்டுவந்த ஊர், பெயர் மட்டும் கூடவே வந்தது. மைமூனம்மா ஒருவரிடம்தான் அந்தப் பெயரும் இல்லை.

மைமூனம்மா ராவுத்தர் வீட்டுப் பெண். அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். மூணாம் லயத்தில் கடைசி வீடு. அந்த வீட்டிலேயே பிறந்தவர். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போனபோது அவர் சின்னப் பிள்ளை. ‘நாம கீழநாட்டுல இருந்து வந்தோம்’ என்று தாய் சொன்னது மட்டும்தான் ஞாபகம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏழாம் நம்பர் காடும் பாவா கல்லும்தான் அவருக்கு எல்லாம்.

பாவா கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டின் நடுவில் ஒரு சப்பைக் கல். எந்தக் காலத்திலோ ஒரு பக்கீர் மலை மலையாக நடந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாராம். ‘போதும்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னாராம். அங்கேயே அடங்கிவிட்டார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கவாத்து வெட்டுகிற ஆட்கள் அந்தக் கல்லை மட்டும் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் எஸ்டேட் அதை விட்டுவைத்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டதும் மைமூனம்மா அங்கே ஊதுவத்தி ஏற்றி, ஓதி, மலீதா பங்கிடுவார். அரிசி ரொட்டியை உதிர்த்து, மறையூர்ச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைந்தது. சாமியாவது, மதமாவது, பெண்கள் அத்தனை பேரும் கை நீட்டுவார்கள். நானும் நீட்டுவேன், இரண்டு தடவை.

ரெஜிஸ்டருக்காகக் கூப்பிட்டபோது நடந்தது இதுதான்.

“சொந்த ஊர் சொல்லுங்கம்மா.”

“இங்கதான்.”

“இது எஸ்டேட்டுங்க. ஊரைச் சொல்லுங்க.”

“பொறந்தது மூணாம் லயம், கடைசி வீடு. இருக்கிறதும் அங்கதான். அதை ஊருன்னு சொல்லக் கூடாதா தம்பி?”

அவர் சொன்னபடியே ‘இங்கதான்’ என்று எழுதிவிட்டேன். குறுப்பு சார் அதைச் சிவப்பு மையில் அடித்தார். “கம்பெனிட ஸ்தலம் ஒரு கூலிக்காரிக்குச் சொந்த ஊராகுமோ? வேற எழுதடோ.” மறுபடி கேட்டேன், மறுபடி அதே பதில். சனிக்கிழமைக்குள் ரெஜிஸ்டர் துரை மேஜைக்குப் போக வேண்டும். (அப்போது வெள்ளைக்காரர் போய் நம்மவர் மேனேஜராகியிருந்தார். ஆனால் துரை துரைதான்.) வெளியே விடாத மழை. எனக்கோ வீட்டு ஞாபகம். கட்டத்தைப் பார்த்தேன், யோசிக்கவே இல்லை, ‘கொல்லங்கோடு’ என்று எழுதிவிட்டேன். என் ஊர்தானே, யாரிடம் கேட்க வேண்டும்? ஊர் இல்லாதவருக்கு ஊர் கொடுத்துவிட்டேன் என்று தானம் பண்ணிய மிட்டாதாரர் மாதிரி அன்று இரண்டு டீ குடித்தேன்.

மூன்று நான்கு வருஷம் ஓடிற்று. அதற்குள் எனக்குக் கொஞ்சம் வாய் முளைத்திருந்தது. ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். லயத்தில் கூரை ஒழுகினால் மற்றப் பெண்கள் ஆபீசுக்கு வந்து சத்தம் போடுவார்கள். மைமூனம்மா பாயை இழுத்து நனையாத பக்கம் போட்டுக்கொண்டு, “இந்தப் பக்கம் போதும்” என்பார். ஒருநாள் தாங்க முடியாமல், “எல்லாரும் இப்படிப் போதும் போதும்னா துரைக்குத்தானுங்க கொண்டாட்டம்” என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். “துரை பாவம் தம்பி. அவருக்கு எதுவும் போதாது. அதான் ராத்திரியெல்லாம் பங்களாவுல நடக்காரு.” முறைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அவருக்கு வயது முடிந்தது. உத்தரவு இங்கிலீஷில் வந்தது. வாசித்துச் சொல்ல வேண்டியவன் நான். ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து சொந்த ஊரான கொல்லங்கோட்டுக்குப் போக வேண்டும்.

“கொல்லங்கோடா?” என்றார் மைமூனம்மா. “அது எங்க இருக்கு தம்பி?”

உண்மையைச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன் என்பதையும் மறைக்க வேண்டாம். குறுப்பு சாரிடம் ஓடினேன். “எழுதினது எழுதினதாணு” என்று கண்ணாடியைத் துடைத்தார். திரும்பி வந்து, “எங்கூட்டுக்கு வந்துருங்கம்மா, எங்கம்மா பாத்துக்குவாங்க” என்றேன். செய்த முட்டாள்தனத்துக்கு மேல் இன்னொன்று.

அவர் கோபப்படவே இல்லை. “சரி தம்பி. நீங்க எழுதுன ஊரை ஒரு தடவை பார்த்துட்டு வாரேன். பார்க்காமலே வேண்டாம்னு சொல்றது மரியாதை இல்ல.”

லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து விசித்திரம் ஒன்று உண்டு. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். மறையூர் தாண்டி இறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி சுற்றி, மறுபடி எல்லை தாண்டிக் கொல்லங்கோடு. செக்போஸ்டில் சந்தனக்கட்டை இருக்கிறதா என்று மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். அவருடைய பழைய கம்பளிதான் இருந்தது. “எந்த ஊர்?” என்று அதட்டினார் காவலர். மைமூனம்மா என்னைக் கைகாட்டி, “அந்தத் தம்பிட்ட கேளுங்க, அவருதான் எழுதினவரு” என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா வாசலுக்கே வந்து, “ஏனுங்கம்மா, வாங்க, மலைமேல இருந்தா வர்றீங்க? ரொம்ப அசந்துட்டீங்களாட்ட இருக்குது” என்று வரவேற்றாள். நல்லவள்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே சாளைக் கொட்டகையில் இலை போட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. என் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாளையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைமூனம்மாவோ, “இங்க நல்ல காத்து வருது” என்று ரசத்துக்குக் கை நீட்டினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு இலையும் உள்ளேதான் விழுந்தன.

இரண்டு நாள் அவர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். பனைமரம் எல்லாம் பார்த்தார், ஏர் பிடிக்கிறவர்களோடு பேசினார். தெற்கே நெல்லியாம்பதி மலையில் வெள்ளைக் கோடாக இறங்கும் அருவியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் காலையில் மூட்டையைக் கட்டிவிட்டார்.

“நல்ல ஊருதான். தண்ணி இனிக்குது. உங்கம்மாவும் தங்கமான மனுஷி. ஆனா இந்த ஊருக்கு என்னையத் தெரியாது. அங்க ஏழாம் நம்பர்ல ஒவ்வொரு செடிக்கும் என் விரலைத் தெரியும்” என்றார். பிறகு, “வா, போகலாம்” என்றார். அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்லிவந்தார். அன்றைக்குத்தான் ‘நீ’.

திரும்பி வந்தால் லயத்து வீட்டில் எஸ்டேட் பூட்டுத் தொங்கியது. ஒரு மாதம் ஆகவில்லை, ஆள் போய்விட்டது என்று பூட்டிவிட்டார்கள். சட்டி பானை வெளியே மழையில் கிடந்தது. நான் தாம்தூம் என்று குதித்தேன். அவர் பூட்டை ஒரு பார்வை பார்த்தார், சட்டியைக் கவிழ்த்துவைத்தார், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏழாம் நம்பர் காட்டுக்குப் போய்ப் பாவா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். அடுப்பு இல்லாததால் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மலீதா பிசைந்து கொண்டுவந்தாள். மைமூனம்மாவோடு ஒரே வரிசையில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள், வாய் நீளம். சூப்பர்வைசர் புதுக் கம்பளியோடு வந்து, துரை கொடுக்கச் சொன்னார், வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டுமாம் என்றார்.

“பழசே இன்னும் காயல. போதும்னு சொல்லுங்க” என்றார் மைமூனம்மா.

“இங்க எப்படி இருப்பீங்க? சொந்த ஊருக்குப் போக வேண்டாமா?”

“இந்தா படுத்திருக்காரே பாவா, இவர்ட்ட யாராச்சும் சொந்த ஊரு கேட்டீங்களா? எனக்கு மட்டும் எதுக்கு? அல்லா என்னைய வச்ச எடம் இது. அவன் எடுக்கிற வரைக்கும் இங்கதான்.”

குரல் உயரவே இல்லை. மலீதாவை உருட்டிச் சூப்பர்வைசர் கையிலும் ஒன்று வைத்தார். மனுஷன் கம்பளியையும் மலீதாவையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. போதும் என்பது அடங்கிப்போகிறவர்கள் சொல் என்று நினைத்திருந்தேனே, நான் ஒரு மடையன். ஆசை உள்ளவனை ஆசை காட்டி நகர்த்தலாம், பயந்தவனை மிரட்டி நகர்த்தலாம். போதும் என்று உட்கார்ந்துவிட்டவரை எந்தத் துரையாலும் ஒரு அடி நகர்த்த முடியாது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

“ரைட்டர் தம்பி, எனக்குச் சொந்த ஊரு சங்கரன்கோயில்னா எழுதியிருக்கீக?”

“ஆமாங்க.”

“அடிச்சிருங்க. அந்த ஊரை நான் பார்த்ததே இல்ல. நாளைக்கு என்னையும் பஸ்ஸுல ஏத்திவிட்டா அங்க போய் எவன் வீட்டுக் கதவைத் தட்டுறது? மைமூனக்கா சொன்ன மாதிரி இங்கதான்னு எழுதுங்க.”

“எனக்கும்” என்றாள் பின்னால் நின்றவள். அப்புறம் அவளுக்குப் பின்னால் நின்றவர். நான் ஆபீசுக்குள் போனேன். ரெஜிஸ்டரைத் தூக்கிவந்து கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்தேன். முதலில் ‘கொல்லங்கோடு’ என்பதை அடித்தேன். அடித்த இடத்தில் ‘இங்கதான்’ என்று எழுதினேன். பிறகு சங்கரன்கோயில். பிறகு தேனி. மூணாம் லயம் முழுக்க எழுதி முடிப்பதற்குள் மூடுபனியில் மை பரவிப் பக்கமே நீலமாகிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான கையெழுத்தை நான் எழுதியதில்லை, அவ்வளவு சந்தோஷமாகவும் எழுதியதில்லை.

துரை கூப்பிட்டார். “யார் இதைச் செய்தது?”

“நான்தானுங்க.” எதிர்த்து நிற்கும்போதும் அந்த ‘ங்க’ போகமாட்டேன் என்கிறது. வளர்ப்பு அப்படி.

வேலை போயிற்று, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பூட்டு திறக்கவில்லை. கட்டத்தில் என்ன எழுதினாலும் வீடு தொழிலாளிக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் மட்டும்தான் என்று துரை முடித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்ற பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தாள்.

“குடும்பம்னா இருக்கலாம்ல துரை? அப்ப மைமூனக்காவை எங்க வீட்டுக் கணக்குல எழுதச் சொல்லுங்க. என் அக்கா.”

துரை சிரித்தார். “அவள் மைமூன், நீ பேச்சியம்மாள். எப்படி அக்கா?”

“எங்கம்மா எனக்கு அக்கா பெத்துத் தரல துரை. நானாப் பார்த்து எடுத்துக்கிட்டேன்.”

துரை குறுப்பு சாரைப் பார்த்தார். ஒரு எழுத்து மாறினாலும் சம்மதிக்காத மனுஷன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “சாரே, அந்தக் கோளத்தில உறவுன்னு மட்டுமாணு இருக்கு. அவள் சொன்னால் எழுத வேண்டியதுதான். காலியா விடக் கூடாதல்லோ” என்றார். ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பேச்சியம்மாள் பெயருக்கு நேரே ‘மைமூன், அக்கா’ என்று எழுதினேன். அந்த எஸ்டேட்டில் நான் எழுதிய கடைசி வரி. மை காய்வதற்குள் துரை மனம் மாறிவிடுவாரோ என்று குறுப்பு சாரே மையொற்றும் தாளை எடுத்து அழுத்தினார்.

நான் பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் ஒரு மண்டிக்கடை, கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீஸ் என்று காலம் போயிற்று. சில வருஷம் கழித்துப் பேச்சியம்மாள் யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் வந்தது. அக்கா மழைக்காலத்தில் போய்விட்டார், பாவா கல்லுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம் என்று இருந்தது. அடுத்த வரி: ‘எஸ்டேட்டுல யாரையும் கேக்கல. சொந்த ஊர்ல பொதைக்க யாரைக் கேக்கணும்?’

அந்தக் கடிதம் இருக்கிறது, மற்றது எதுவும் இல்லை. பேச்சியம்மாள் இல்லை. பெரட்டுக்களம் இந்த விடுதியின் கார் நிறுத்துமிடம். ஏழாம் நம்பர் காட்டை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள், கல் எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நீலம் பரவிய அந்த ரெஜிஸ்டரை எந்தச் சுவரிலும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கவில்லை. கம்பளியைத்தான் மாட்டியிருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன கம்பளியை.

“சார், இந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு” என்றாள் வரவேற்புப் பெண்.

குறுப்பு சார் சிவப்பு மையில் அடித்த அதே சொல்லை, நல்ல கையெழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினேன். இங்கதான்.

அவள் வாசித்துவிட்டுக் குழம்பினாள். “இங்கன்னா எங்க சார்?”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மூணாம் லயத்தின் கடைசி வீடு இருந்த இடத்தைக் காட்டினேன்.

“அங்க ஸ்விம்மிங் பூல்தானே சார் இருக்கு?”

“அது நேத்து வந்ததும்மா. நான் எழுதினது அதுக்கு அடியில இருக்கு” என்றேன்.